ஒன்றரை ரன்னுக்கு என்ன விலை?

நியூ ஜெர்சியில் வேலை முடிந்து வந்து ராத்திரி ஏழு மணிக்கு டிவி போட்டால் கிரிக்கெட் எதுவும் ஓடிக்கொண்டிருக்காது. இந்தியாவில் அப்போது விடியற்காலை நாலரை. ஆனால் ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடிய அநேகமாக எல்லா நாளும் பேஸ்பால் இருக்கும். ஒவ்வொரு அணிக்கும் சீசனுக்கு 162 ஆட்டம். நான் நியூயார்க் மெட்ஸ் அணியின் ரசிகன் ஆனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

பந்தயப் பேச்சு பிறகு வந்தது. விளையாட்டுப் பந்தயத்தை நெவாடா போன்ற ஓரிரு இடங்களோடு நிறுத்தி வைத்திருந்த 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தை 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கை அங்கே கொண்டுபோனதே நியூ ஜெர்சிதான். அடுத்த மாதமே இங்கே பந்தயம் சட்டப்படி தொடங்கிவிட்டது. அதுவரை ஐ.பி.எல்., விசா, வீட்டு லோன் என்று போய்க்கொண்டிருந்த மதியச் சாப்பாட்டுப் பேச்சில் மைனஸ், பிளஸ் எல்லாம் நுழைந்தது.

எங்கள் குழுவில் ஒரு மதுரைக்காரர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். ஒருநாள் போனை நீட்டிக் கேட்டார்: “தம்பி, மெட்ஸ் ஜெயிக்கும்னு 150 டாலர் கட்டினா 100தான் லாபம் தர்றான். அதே மெட்ஸ் ரெண்டு ரன்ல ஜெயிக்கும்னா 100 கட்டினாலே 140 தர்றான். ஜெயிக்கிற டீமு ரெண்டு ரன்ல ஜெயிக்க மாட்டானா? இவன் என்ன ஏமாளியா?”

விலை போடுகிறவன் ஏமாளி இல்லை. ஆனால் அண்ணனின் கேள்வி சரியான கேள்வி. ரன் லைன் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும் கட்டுவது மணிலைன். ரன் லைனில் வித்தியாசமும் சேர்ந்துகொள்ளும். ஜெயிக்கும் என்று எதிர்பார்க்கப்படும் ஃபேவரிட் அணிக்கு -1.5 என்று போட்டிருந்தால் அது இரண்டு ரன்னோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். எதிரணிக்கு +1.5. அது ஜெயித்தாலும் சரி, ஒரே ரன்னில் தோற்றாலும் சரி, அதில் கட்டியவருக்குப் பணம் வரும். அரை ரன் என்று ஒன்று கிடையாது என்பதால் இரண்டில் ஒருவர் நிச்சயம் தோற்பார், சமன் என்ற பேச்சே இல்லை.

அமெரிக்கன் ஃபுட்பாலில் இந்த வித்தியாச எண் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஒரு வாரம் 3, இன்னொரு வாரம் 7, பலவீனமான அணி என்றால் 10 கூட. பேஸ்பாலில் வழக்கமான ரன் லைன் எப்போதும் 1.5தான். வேண்டுமென்றால் 2.5 போன்றவற்றைத் தனியாகத் தேடி எடுக்கலாம், அது வேறு கணக்கு. எண் அசையாது, விலைதான் அசையும். அதனால் -1.5 என்பதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை. அதன் பக்கத்தில் இருக்கும் +140 அல்லது -120தான் செய்தி. பிளஸ் என்றால் 100 டாலர் கட்டினால் கிடைக்கும் லாபம், மைனஸ் என்றால் 100 டாலர் லாபத்துக்குக் கட்ட வேண்டிய தொகை.

அந்த விலையைச் சதவீதமாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி மயக்கம் தெளிந்துவிடும். மைனஸ் விலை என்றால் அந்த எண்ணை, அதோடு 100 கூட்டி வருவதால் வகுக்க வேண்டும். -150 என்றால் 150/250, அதாவது 60 சதவீதம். பிளஸ் விலை என்றால் 100-ஐ அந்த எண்ணும் 100-ம் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். +140 என்றால் 100/240, அதாவது 41.7 சதவீதம். நஷ்டமில்லாமல் இருக்கவே நூற்றில் இத்தனை முறை ஜெயித்தாக வேண்டும் என்று அர்த்தம்.

அண்ணன் காட்டிய ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மெட்ஸ் சொந்த மைதானத்தில் ஆடுகிறது, மணிலைன் -150. எதிரணிக்கு +130. இரண்டையும் சதவீதமாக்கிக் கூட்டினால் 60 + 43.5 = 103.5. நூறுக்கு மேல் இருக்கும் மூன்றரை, பந்தயக் கம்பெனியின் கமிஷன். அதைக் கழித்துப் பார்க்க 60-ஐ 103.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 58. ஆக, சந்தை சொல்வது: மெட்ஸ் இந்த ஆட்டத்தில் ஜெயிக்க 58 சதவீத வாய்ப்பு.

ரன் லைனிலும் இதையே செய்யலாம். -1.5-க்கு +140, +1.5-க்கு -165. சதவீதமாக்கினால் 41.7 + 62.3 = 104. கமிஷனைக் கழித்தால் மெட்ஸ் இரண்டு ரன்னுக்குக் குறையாமல் ஜெயிக்க 40 சதவீத வாய்ப்பு.

58-லிருந்து 40 போனால் 18. அண்ணனுக்கு நான் சொன்ன பதில் இந்த எண்தான். இப்படி நூறு ஆட்டம் நடந்தால் மெட்ஸ் 58-ல் ஜெயிக்கும், அதில் 18 ஆட்டத்தை மிகச் சரியாக ஒரே ரன்னில் ஜெயிக்கும். வெற்றிகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. மேஜர் லீகில், அதாவது இங்குள்ள உச்ச பேஸ்பால் லீகில், எந்த வருடத்தை எடுத்தாலும் பத்தில் மூன்று ஆட்டம், கொஞ்சம் முன்னே பின்னே, ஒரு ரன் வித்தியாசத்தில்தான் முடிகிறது. கூடுதலாகக் கிடைக்கும் காசு அந்த ஒரு ரன் வெற்றிகளை விட்டுக்கொடுப்பதற்கான விலை. யாரும் இனாமாகத் தரவில்லை.

நான் பிறகு செய்ய ஆரம்பித்த வேலை இதுதான். ஆட்டத்தைப் பார்த்தவுடன் இந்த இடைவெளி எவ்வளவு இருக்கும் என்று மனதில் ஓர் எண் போட்டுக்கொள்வது, பிறகு விலையிலிருந்து கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது. இதற்குக் காசு கட்டவே வேண்டாம். ஆனால் ஆட்டத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது இந்தக் கணக்குதான், முக்கியமாக ஒன்பதாவது இன்னிங்ஸைப் பற்றி.

மெட்ஸின் சொந்த மைதானமான சிட்டி ஃபீல்டுக்குப் போக மன்ஹாட்டன் வந்து 7 ஆம் நம்பர் ரயில் பிடிக்க வேண்டும். மலிவு டிக்கெட்டில் மேல்தளத்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் எப்போதும் ஒரு பெரியவர் அமைவார், பழைய ஷே மைதானக் காலத்திலிருந்து மெட்ஸ் பார்ப்பவர். அப்படி ஒருவர் கையால் ஸ்கோர் எழுதிக்கொண்டே சொன்னார்: சொந்த மைதானத்தில் ஆடும் அணி பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கட்டுகிறவன் எட்டு இன்னிங்ஸ் பேட்டிங்குக்குத்தான் கட்டுகிறான்.

விஷயம் இதுதான். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் விருந்தினர் அணி முதலில் பேட் செய்யும், சொந்த மைதான அணி இரண்டாவது. ஒன்பதாவது இன்னிங்ஸில் விருந்தினர் ஆடி முடித்தபோது சொந்த அணி முன்னிலையில் இருந்தால் அதற்குப் பேட்டிங்கே கிடையாது, ஆட்டம் முடிந்தது. ஒரே ரன் முன்னிலை என்றால் அதை இரண்டாக்க வாய்ப்பே வராது. சமனில் இருந்தோ பின்தங்கியோ பேட் செய்ய வந்தாலும், வெற்றி ரன் வந்த நொடியில் ஆட்டம் முடிந்துவிடும். கிரிக்கெட்டில் சேஸ் செய்யும் அணி இலக்கைத் தாண்டியதும் முடிவதுபோல. ரன்னுக்கு ஓடும் வழியில் இருக்கும் மூன்று பேஸிலும் ஆள் நின்றாலும், பந்து வேலி வரை உருண்டு போனாலும், வித்தியாசம் ஒன்றுதான். இதற்கு ஒரே விலக்கு வேலிக்கு வெளியே போகும் ஹோம் ரன். அதில் மட்டும் பேஸில் இருக்கும் அத்தனை பேரின் ரன்னும் கணக்கில் வரும்.

விருந்தினர் அணிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு ரன் முன்னிலையில் இருந்தாலும் ஒன்பதாவதில் பேட் செய்தே தீர வேண்டும், அதில் இன்னும் இரண்டு ரன் சேரலாம். அதனால் அதே -150 ஃபேவரிட் வெளியூரில் ஆடினால் -1.5-க்கு +140 கிடைக்காது, +110 பக்கமாகத்தான் கிடைக்கும். எதிர்ப்பக்கம் -130 என்று வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு ரன் வெற்றிக்கு 46 சதவீதம் வரும், இடைவெளி 12-க்குச் சுருங்கிவிடும். சொந்த மைதானத்தில் 18, வெளியூரில் 12. ஒரே அணி, ஒரே பலம். மாறியது கடைசி அரை இன்னிங்ஸ் மட்டும். ‘அங்கே +140 தந்தான், இங்கே +110தான் தர்றான், அதனால் அது லாபம்’ என்று ஒப்பிடுவது அதனால்தான் செல்லாது. விலை போடுகிறவனுக்கு மேல்தளப் பெரியவருக்குத் தெரிந்ததெல்லாம் தெரியும்.

அந்தப் பெரியவர் போன்றவர்கள் மறக்காத ஆட்டம் ஒன்று உண்டு. 1999 அக்டோபர் 17, ஷே மைதானம், மழைத்தூறல், அட்லாண்டா பிரேவ்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஐந்தாவது ஆட்டம். ஒன்பதில் முடிவு வராமல் நீண்டு, பதினைந்தாவது இன்னிங்ஸில் 3-3. பேஸ் மூன்றும் நிரம்பியிருக்க, ராபின் வென்ச்சுரா பந்தை வேலிக்கு வெளியே அடித்தார். நாலு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம், 7-3 என்று எல்லோரும் குதித்தார்கள். முதல் பேஸிலிருந்து ஓடிய டாட் பிராட் சந்தோஷத்தில் திரும்பி வந்து வென்ச்சுராவைக் கட்டிப்பிடிக்க, அணியே மைதானத்தில் புகுந்துவிட்டது. வென்ச்சுரா இரண்டாவது பேஸுக்குப் போகவே இல்லை. அதிகாரப்பூர்வமாக அது வெறும் சிங்கிள், அதாவது ஒரு பேஸ் மட்டும் எடுத்த அடி, என்று பதிவானது, ஸ்கோர் 4-3. மெட்ஸ் -1.5 கட்டியிருந்தவனை நினைத்துப் பாருங்கள். நாலு ரன்னில் ஜெயித்துவிட்டோம் என்று நாற்காலியிலிருந்து எழுந்திருப்பான், உட்காரும்போது பந்தயத்தில் தோற்றிருப்பான். இரு அணிகளின் மொத்த ரன் ஏழரைக்கு மேல் என்று கட்டியவன் கதியும் அதேதான்.

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் ஃபிரெடி ஃப்ரீமன் இதற்கு இரண்டு பக்கமும் உதாரணம் தந்துவிட்டார். 2024 உலகத் தொடர், அதாவது மேஜர் லீக் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர், அதன் முதல் ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸ். பத்தாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 2-3 என்று பின்தங்கியிருந்தது, இரண்டு பேர் அவுட். பேஸ் நிரம்பிய நிலையில் முதல் பந்திலேயே கிராண்ட் ஸ்லாம், 6-3. ஒரு ரன்னில் தோற்றுக்கொண்டிருந்த அணி ஒரே அடியில் மூன்று ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. அடுத்த வருடம் டொராண்டோவுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில், பதினெட்டாவது இன்னிங்ஸ் வரை இழுத்த ராத்திரியில், அதே மனிதர் அதே மைதானத்தில் ஹோம் ரன் அடித்தே முடித்தார். ஆனால் பேஸில் யாரும் இல்லை. 6-5. மைனஸ் ஒன்றரைக்காரனுக்கு ஒன்றும் இல்லை.

இரண்டுமே பிளேஆஃப் ஆட்டம் என்பதையும் கவனிக்க வேண்டும். சாதாரண சீசனில் 2020-லிருந்து பத்தாவது இன்னிங்ஸ் முதல் ஒவ்வொரு அணியும் இரண்டாவது பேஸில் ஓர் ஆளை இலவசமாக நிறுத்தியே தொடங்குகிறது. 2023-ல் அது நிரந்தரமானது. பிளேஆஃபில் இந்த ஆள் கிடையாது. ரன் லைனில் இது என்ன செய்கிறது? விருந்தினர் அணி பத்தாவதில் ரன் எடுக்காமல் போனால், சொந்த அணிக்கு ஒரே ஒரு ரன் போதும், அந்த ஆள் ஏற்கெனவே பாதி வழியில் நிற்கிறார். ஒரு நல்ல சிங்கிளில் ஆட்டம் முடிந்துவிடும், வித்தியாசம் ஒன்று. ஹோம் ரன் அடித்தால் மட்டும், அந்த ஆள் இன்னும் பேஸில் இருந்தால், இரண்டு. ஆக, ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் சமன் என்றால் விருந்தினர் பக்கம் +1.5 வைத்திருப்பவர் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விடலாம். சொந்த அணி பக்கம் +1.5 வைத்திருப்பவருக்கு அந்த நிம்மதி இல்லை, ஏனென்றால் பத்தாவதில் விருந்தினர் இரண்டு மூன்று ரன் குவிப்பது இப்போது அபூர்வமல்ல.

இன்னொரு விஷயம் எனக்குப் புரிய நாளானது, புரிந்தபின் மிகவும் பிடித்தது. மேனேஜர்கள் வித்தியாசத்துக்காக ஆடுவதில்லை. அவர்களுக்கு 5-3-ம் 5-4-ம் ஒன்று. ஒன்பதாவதில் இரண்டு ரன் முன்னிலை, எதிரணிக்கு மூன்றாவது பேஸில் ஆள் என்றால், உள்வட்ட ஃபீல்டர்கள் முன்னே வந்து அந்த ரன்னைத் தடுக்க மாட்டார்கள். பின்னாலேயே நின்று, தரையில் வரும் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிவார்கள். ‘ரன்னை எடுத்துக்கொள், அவுட்டைக் கொடு’ என்ற பேரம். ஆட்டக் கணக்கில் நூற்றுக்கு நூறு சரி. -1.5 கட்டியவனுக்கு மட்டும் அந்தப் பேரத்தில் பங்கில்லை. அதே இரண்டு ரன் முன்னிலையில் முதல் பேஸில் மட்டும் ஒருவர் நின்று, இரண்டாவதுக்கு ஓடினால் பெரும்பாலும் யாரும் தடுக்கக்கூட மாட்டார்கள். பதிவேட்டில் அது திருட்டு பேஸாகவே சேராது, ‘தற்காப்பு அலட்சியம்’ என்று ஒரு வகையில் எழுதிவிடுவார்கள். அந்த ஆள் பிறகு ஒரு சிங்கிளில் ரன் எடுத்துவிடுவார்.

குளோசர் விவகாரமும் இதே ரகம். குளோசர் என்றால் ஒன்பதாவதை முடிக்க வரும் நம்பர் ஒன் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். அவருக்கு ‘சேவ்’, அதாவது வெற்றியைக் காத்த பதிவு, கிடைக்க முழு இன்னிங்ஸ் போடும்போது முன்னிலை மூன்று ரன்னுக்குள் இருக்க வேண்டும். நான்கு ரன் முன்னிலை என்றால் பெரும்பாலும் அவருக்கு ஓய்வு, புல்பென்னில், அதாவது மாற்றுப் பிட்சர்கள் கூட்டத்தில், கடைசி வரிசை ஆள் வருவார். நாலு ரன் இருக்கிறதே என்று -1.5 கட்டியவர் நிம்மதியாக இருக்கும்போதுதான் அந்த ஆள் வந்து இரண்டு ஹோம் ரன் வாங்கிக்கொண்டு போவார். இன்னொரு ரன் விழுந்தால் -1.5 போச்சு.

இதனால்தான் ரன் லைன் பார்க்கும்போது தொடக்கப் பிட்சரை மட்டும் பார்த்தால் போதாது என்கிறேன். இன்றைய தொடக்கப் பிட்சர் ஐந்து, ஆறு இன்னிங்ஸ் போட்டால் பெரிது. வித்தியாசம் தீர்மானமாவது அதற்குப் பின்னால். கடந்த மூன்று நாளில் புல்பென்னில் யார் யார் எத்தனை பந்து போட்டார்கள் என்று பார்ப்பேன். இரண்டு நாள் தொடர்ந்து போட்ட குளோசர் மூன்றாம் நாள் வர வாய்ப்பு குறைவு. ராத்திரி ஆட்டத்துக்கு மறுநாள் மதியம் ஆட்டம் இருந்தால் பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் வழக்கமான கேச்சரை உட்கார வைப்பார்கள், சில சமயம் ஒரு நல்ல பேட்டரையும் சேர்த்து. ஆடும் வரிசை சில மணி நேரம் முன்புதான் வெளியாகும், அதற்கு முன்னால் காலையிலேயே கட்டுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. தொடக்கப் பிட்சர் மேல்தான் நம்பிக்கை, புல்பென்னில் நம்பிக்கை இல்லை என்றால் முதல் ஐந்து இன்னிங்ஸுக்கு மட்டும் தனிச் சந்தை உண்டு. பெரும்பாலும் அரை ரன் வித்தியாசத்தில், அதாவது ஐந்தாவது முடிவில் முன்னிலையில் இருந்தால் போதும். கடைசி இன்னிங்ஸ் கூத்து எதுவும் அங்கே கிடையாது.

மைதானம் பற்றிச் சுருக்கமாக. டென்வரின் கூர்ஸ் ஃபீல்டு கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம், காற்று லேசு, ரன் கொட்டும். சியாட்டிலில் குளிர்ந்த, கனத்த காற்று, ரன் சுரக்காது. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் காற்று ஏரிப் பக்கமிருந்து உள்ளே வீசுகிறதா வெளியே வீசுகிறதா என்பதைப் பொறுத்து ஒரே மைதானம் இரண்டாகும். ரன் குறைவாக வரும் ஆட்டத்தில் ஒரு ரன் வித்தியாசம் அதிகம் நடக்கும், அங்கே +1.5-க்கு மதிப்புக் கூடும், விலையும் கூடவே ஏறும். மொத்த ரன் எதிர்பார்ப்பு 7 என்று போட்ட ஆட்டத்தையும் 11 என்று போட்ட ஆட்டத்தையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

+1.5 பற்றி ஒரு வார்த்தை. புதிதாக வருபவர்களை இதுதான் இழுக்கிறது, ‘தோற்றாலும் ஜெயிக்கலாம்’ என்ற ஆசையில். -190 விலையில் +1.5 எடுத்தால் நூறு டாலர் லாபத்துக்கு 190 கட்ட வேண்டும், மூன்றில் இரண்டு முறை ஜெயித்தால்தான் கையைக் கடிக்காமல் இருக்கும். ஒரு தோல்வி கிட்டத்தட்ட இரண்டு வெற்றியை விழுங்கும். அடிக்கடி ஜெயிக்கிற சுகம் வேறு, கணக்கில் முன்னே இருப்பது வேறு. எதிர்ப்பக்கமும் ஒரு பழக்கம் உண்டு: -250 ஃபேவரிட் ‘காஸ்ட்லி’ என்று -120-ல் -1.5-க்குத் தாவுவது. அந்த அணி அன்றைக்கு அதிக ரன் குவிக்கும் என்பதற்குத் தனியாக ஏதாவது காரணம் இருந்தால் சரி. மணிலைன் காஸ்ட்லி என்பது மட்டும் காரணமாகாது. 71 சதவீதம் தேவைப்படும் பந்தயத்துக்குப் பதில் 55 சதவீதம் தேவைப்படும் பந்தயம் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

விதிமுறைப் பக்கத்தைப் படிப்பது யாருக்கும் பிடிக்காது. மழைக்காக அதைப் படித்தே ஆக வேண்டும். பேஸ்பாலில் ஐந்து இன்னிங்ஸ் முடிந்தால், சொந்த அணி முன்னிலையில் இருந்தால் நாலரையே போதும், சாதாரண சீசனில் மழையால் நின்ற ஆட்டத்தையும் முடிந்த ஆட்டமாக அறிவிக்கலாம். மணிலைனுக்கு அது பெரும்பாலும் போதும். ரன் லைனுக்கும் மொத்த ரன் பந்தயத்துக்கும் வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ், அல்லது சொந்த அணி முன்னிலை என்றால் எட்டரை, முழுதாக நடந்திருக்க வேண்டும். எங்கள் அண்ணன் ஒரு ஜூன் மாத மழை ராத்திரியில் -1.5 வைத்திருந்தார், அணி வசதியான முன்னிலையில் இருந்தது, ஏழாவதில் தார்ப்பாய் விரித்தவர்கள் எடுக்கவே இல்லை. மணிலைன் கட்டிய பையனுக்குப் பணம் வந்தது. அண்ணனுக்குக் கட்டிய காசு மட்டும் திரும்பி வந்தது. கஸ்டமர் சர்வீஸில் அரை மணி நேரம் இங்கிலீஷில் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் தமிழிலும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார். விதி அவர்கள் பக்கம்தான் இருந்தது. அதே பக்கத்தில் தொடக்கப் பிட்சர் மாறினால் பந்தயம் ரத்தாகுமா, நிற்குமா என்பதும் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் கட்டுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பந்துக்கும் கட்டும் சந்தையை நான் தொடுவதில்லை. 2025 நவம்பரில் கிளீவ்லேண்ட் கார்டியன்ஸ் பிட்சர்கள் இம்மானுவேல் கிளாசே, லூயிஸ் ஓர்டிஸ் இருவர் மீதும் குறிப்பிட்ட சில பந்துகளை முன்கூட்டியே பேசி வைத்துப் போட்டதாக அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. இருவரும் மறுத்திருக்கிறார்கள். வழக்கு எப்படிப் போனாலும், ஒரே ஆள் ஒரே பந்தில் தீர்மானிக்கக்கூடிய ஒன்றில் பணம் வைப்பது எனக்கு ஒத்துவராது. அந்த மாதமே மேஜர் லீக், தன்னோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் பந்தயக் கம்பெனிகள் இத்தகைய பந்தயத்துக்கு 200 டாலர் உச்சவரம்பு வைக்கும், பார்லேயில் சேர்க்க விடாது என்று அறிவித்தது. பார்லே, அதாவது நாலைந்து பந்தயத்தைக் கோர்த்துக் கட்டுவது, கம்பெனிகளுக்கு லாபம் அள்ளித் தரும் சரக்கு. ஆப்பைத் திறந்ததும் முதலில் அதைத்தான் காட்டுகிறார்கள் என்பதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

பணக் கணக்கு. நான் ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரே தொகைதான் வைப்பேன், நேற்று தோற்றதற்காக இன்று கூட்டுவதில்லை. சீசன் தொடங்கும்போது போடும் தொகை வீட்டில் சொல்லிவிட்டுப் போடுவது. அது தீர்ந்தால் அந்த வருடம் அவ்வளவுதான். எழுதி வைப்பது அவசியம், வரிக்கும் அது வேண்டும். இங்கே ஜெயித்த பணம் வருமானம். தோற்றதைக் கழிக்க வேண்டுமென்றால் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்ற பொதுக் கழிவை எடுக்காமல் ஒவ்வொன்றாகக் கணக்குக் காட்ட வேண்டும். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி 2026 முதல் தோற்றதில் 90 சதவீதத்தைத்தான் கழிக்க முடியும். பத்தாயிரம் ஜெயித்து பத்தாயிரம் தோற்றவர், கையில் ஒன்றுமில்லாமல், ஆயிரத்துக்கு வரி கட்ட நேரும். விசாவில் இருப்பவர்கள் வரி ஆலோசகரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. கை மீறுகிறது என்று தோன்றினால் 1-800-426-2537 என்ற உதவி எண் உண்டு, எல்லாப் பந்தயக் கணக்கையும் சேர்த்து முடக்கிக்கொள்ளும் வசதியும் மாநிலத்தில் உண்டு. ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2022 ஆம் ஆண்டுச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தையும், நாடு முழுக்க 2025 ஆம் ஆண்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்திருக்கின்றன. தெரியாத ஆப்களில் கை வைக்காதீர்கள். பேஸ்பால் பார்க்க அது தேவையும் இல்லை.

அண்ணன் இப்போது கட்டுவதைக் குறைத்துவிட்டார். மதியம் சாப்பிடும்போது இருவரும் அன்றைய ஆட்டத்துக்கு அந்த இடைவெளியை, மணிலைனுக்கும் ரன் லைனுக்கும் நடுவில் இருக்கும் ஒரு ரன் வெற்றியின் சதவீதத்தை, விலை பார்க்காமல் தனித்தனியாக எழுதுவோம். சொந்த மைதானமா வெளியூரா, மொத்த ரன் எதிர்பார்ப்பு எவ்வளவு, புல்பென் களைத்திருக்கிறதா, இவ்வளவுதான் பார்ப்பது. பிறகு ஆப்பைத் திறந்து கணக்குப் போடுவோம். பெரும்பாலான நாள் எங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் ஒன்றிரண்டு புள்ளிக்குள் இருக்கும், கமிஷனைத் தாண்டிச் சம்பாதிக்க அந்த வித்தியாசம் போதாது. அந்த நாட்களில் ஆட்டம் மட்டும் பார்க்கிறோம். நாலைந்து புள்ளி விலகினால் முதலில் நாங்கள் எதையாவது பார்க்காமல் விட்டோமா என்று தேடுகிறோம். பெரும்பாலும் ஒரு பேட்டர் உட்கார்ந்திருப்பார், அல்லது ரிக்லியில் காற்று திரும்பியிருக்கும்.